எதற்காக வாழ்கிறோம்? பௌத்தம் சொல்லும் பதில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தம்மம், அதாவது புத்தரின் போதனை பற்றிய பேச்சு வரும் இடங்களிலெல்லாம் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் பெரும்பாலும் பாலி மொழியில் உள்ள பழைய சுத்தங்களை, அதாவது புத்தரின் உரைகளை ஒட்டியவை. பௌத்தத்தின் பழைய பிரிவான தேரவாத மரபு அவற்றைத்தான் அடிப்படையாகக் கொள்கிறது. மற்றொரு பெரும் பிரிவான மகாயானம் வேறு கோணத்தில் பார்க்கும் இடத்தில் அதையும் சொல்லியிருக்கிறேன். நம் மொழியின் பௌத்தக் காப்பியமான மணிமேகலையும் இடையிடையே வரும்.

சுருக்கமாகச் சொல்லுங்கள்: பௌத்தத்தின்படி மனித வாழ்க்கையின் நோக்கம் என்ன?

துக்கத்தைப் புரிந்துகொண்டு, அதன் வேரை அறுத்து, விடுதலை அடைவது. "முன்பும் சரி, இப்போதும் சரி, நான் சொல்லித்தருவது துக்கத்தையும் துக்கம் அடங்குவதையும்தான்" என்று மஜ்ஜிம நிகாயம் என்ற உரைத் தொகுப்பில் புத்தரே சொல்கிறார்.

இதோடு நிறுத்திக்கொண்டால் அது மனப்பாடம் செய்யும் வரியாகிவிடும். சாரநாத்தில், அன்றைய பெயரில் இசிபதனத்து மான் பூங்காவில், கொண்டஞ்ஞர் முதலான ஐந்து துறவிகளுக்குப் புத்தர் தன் முதல் உரையை நிகழ்த்தினார். துக்கம் உண்டு, அதற்குக் காரணம் உண்டு, அதற்கு முடிவு உண்டு, முடிவுக்கு வழி உண்டு என்ற நான்கு உண்மைகளைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்போம். அந்த உரையில் பலரும் கவனிக்காத இன்னொரு பகுதி இருக்கிறது. ஒவ்வோர் உண்மையோடும் ஒரு வேலை சேர்ந்திருக்கிறது. துக்கத்தை முழுமையாக அறிய வேண்டும். அதற்குக் காரணமான வேட்கையைக் கைவிட வேண்டும். அது அடங்குவதை நேரடியாக உணர வேண்டும். அதற்கான வழியைத் தனக்குள் வளர்த்துக்கொள்ள வேண்டும். நான்கையும் செய்து முடித்துவிட்டேன் என்று தெளிந்த பிறகே, முழு ஞானம் பெற்றவனாகத் தன்னை அறிவித்ததாகச் சொல்கிறார்.

விடுதலை பெற்ற சீடர்கள் சொல்வதாகப் பழைய நூல்களில் அடிக்கடி வரும் வாசகம் ஒன்று உண்டு: "பிறப்பு ஒழிந்தது, தூய வாழ்வு வாழ்ந்தாயிற்று, செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று." நோக்கம் பற்றிய பௌத்தப் பதில் இந்தக் கடைசித் துண்டில் இருப்பதாகவே நான் நினைக்கிறேன். மனிதராகப் பிறந்தவருக்கு ஒரு வேலை காத்திருக்கிறது. அதை முடிக்கவும் முடியும். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அந்த வேலையைப் பற்றியவை.

படைத்த கடவுள் இல்லை என்கிறது பௌத்தம். அப்படியானால் நோக்கம் எங்கிருந்து வரும்?

யாரும் நம் கையில் ஒரு நோக்கத்தைக் கொடுத்து அனுப்பவில்லை. இதைப் பௌத்தம் ஒளிக்காமல் ஏற்கிறது. உயிர்கள் தோன்றுவது காரண காரியத் தொடரால். மணிமேகலை அந்தத் தொடரின் பன்னிரண்டு கண்ணிகளையும் அழகான தமிழில் அடுக்குகிறது: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். ஒன்றைச் சார்ந்து அடுத்தது எழுகிறது. ஒன்று ஒழிந்தால் அடுத்ததும் எழாது.

இந்தத் தொடரைப் பார்ப்பவருக்கு 'எதனால்' என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கும். எதனால் என்று தெரிந்தால் எங்கே அறுக்கலாம் என்பதும் தெரியும். நுகர்வுக்கும் வேட்கைக்கும் இடையில் அறுக்கலாம் என்று தியான ஆசிரியர்கள் பலர் வலியுறுத்துவார்கள். ஒருவர் நம்மைத் திட்டுகிறார், காதில் விழுந்ததும் கசக்கிறது, இது நுகர்வு. பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டே ஆகவேண்டும் என்று உள்ளே துடிப்பது வேட்கை. நடுவில் ஒரு கணம் இருக்கிறது, அதைப் பிடிக்கப் பழக முடியும். வலி இருக்கிறது, அதைத் தீர்க்க வழியும் இருக்கிறது. ஒரு மனிதர் தன் வாழ்க்கையை அந்த வேலைக்குக் கொடுக்க இதுவே போதுமான காரணம் என்பது பௌத்தத்தின் நிலை.

இதுபோன்ற பெரிய கேள்விகளுக்குப் புத்தர் பதில் சொல்லாமல் இருந்துவிட்டார் என்கிறார்களே?

சிலவற்றுக்குச் சொல்லவில்லை, உண்மைதான். மாலுங்கியபுத்தர் என்ற பிக்கு (பௌத்தத் துறவி) ஒருநாள் புத்தரிடம் வந்தார். உலகம் என்றென்றும் இருப்பதா, அதற்கு எல்லை உண்டா, உயிரும் உடலும் ஒன்றா வேறா, விடுதலை பெற்றவர் இறந்த பிறகு இருக்கிறாரா இல்லையா என்று கேட்டார். பதில் கிடைக்காவிட்டால் துறவை விட்டுப் போய்விடுவேன் என்றார். அப்போது சொன்னதுதான் நச்சு அம்பின் உவமை. அம்பு தைத்தவன், 'எய்தவன் எந்த ஊர், எந்தக் குலம், வில் எந்த மரத்தில் செய்தது, நாண் எதனால் ஆனது, இதெல்லாம் தெரிந்த பிறகுதான் அம்பைப் பிடுங்க விடுவேன்' என்று பிடிவாதம் பிடித்தால் அதற்குள் செத்துப்போவான்.

கோசாம்பியில் ஒரு சிம்சபா மரக்காட்டில் கை நிறைய இலைகளை எடுத்துக்காட்டி, 'இது அதிகமா, காட்டில் உள்ளது அதிகமா?' என்று கேட்டதும் இதே பொருளில்தான். தனக்குத் தெரிந்தது காட்டு இலைகள் அளவு, சொல்லித்தந்தது கையளவு, விடுதலைக்கு உதவுவதை மட்டும் சொன்னேன் என்றார். ஆக, 'எதற்காக வாழ்கிறோம்' என்று நாம் கேட்பதில் 'பிரபஞ்சம் ஏன் இருக்கிறது' என்ற பகுதியை அவர் ஓரமாக வைத்துவிடுகிறார். 'இந்த வாழ்க்கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது' என்ற பகுதிக்கு 45 ஆண்டுகள் ஊர் ஊராக நடந்து பதில் சொன்னார்.

மனிதப் பிறவிக்கு அப்படி என்ன சிறப்பு?

மனிதராகப் பிறப்பது அரிது என்று, புத்தர் வாக்குகளின் செய்யுள் தொகுப்பான தம்மபதம் சொல்கிறது. 'அரிது அரிது மானிடராதல் அரிது' என்ற வரியைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது. எவ்வளவு அரிது என்று காட்டப் புத்தர் சொன்ன உவமை, குருட்டு ஆமை. பெருங்கடலில் ஒற்றைத் துளையுள்ள நுகத்தடி ஒன்று மிதக்கிறது. காற்று அதை நாலு திசையிலும் அலைக்கழிக்கிறது. கடலுக்கடியில் இருக்கும் குருட்டு ஆமை நூறு வருடத்துக்கு ஒருமுறை தலையை வெளியே நீட்டுகிறது. அந்தத் துளைக்குள் அதன் தலை எப்போது நுழையும்?

இதைக் கேட்டுப் பெருமைப்பட ஒன்றுமில்லை. மனிதன் மற்ற உயிர்களை ஆளப் பிறந்தவன் என்ற பொருள் இதில் இல்லை. பௌத்த உலகப் பார்வையில் தேவர்கள் மனிதர்களைவிட நெடுங்காலம் சுகமாக வாழ்கிறார்கள். அந்தச் சுகமே அவர்களுக்குத் தடை, எதையும் மாற்ற வேண்டும் என்று தோன்றாது. நரகத்திலும் விலங்குப் பிறப்பிலும் வேதனையும் அச்சமும் மிகுந்து நிதானிக்கவே இடமில்லை. மனித வாழ்வில் இரண்டும் கலந்திருக்கின்றன. விழித்துக்கொள்ளத் தேவையான அளவு வலி இருக்கிறது, யோசிக்கத் தேவையான அளவு ஓய்வும் இருக்கிறது. மரபு இப்படித்தான் விளக்குகிறது. தேவலோகத்தை நம்பாதவரும் தன் வாழ்க்கையில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். எல்லாம் நன்றாக நடக்கும் மாதங்களில் இந்தக் கேள்வியை நாம் யாரும் எடுப்பதில்லை. பெரிய இழப்பின் நடுவிலும் எடுக்க முடிவதில்லை.

வாழ்க்கையே துக்கம் என்பது நம்பிக்கையைக் கெடுக்கும் பேச்சு இல்லையா?

வாழ்க்கையில் இன்பமே இல்லை என்று புத்தர் எங்கும் சொல்லவில்லை. இன்பம் இல்லாவிட்டால் யாரும் பற்றுக் கொள்ள மாட்டார்களே என்றுதான் சொல்கிறார்.

துக்கத்தை மூன்று நிலைகளாகப் பிரிப்பார்கள். முதலாவது நேரடி வலி: நோய், மூப்பு, பிரிவு. இரண்டாவது, இன்பமானது மாறிப்போவதால் வருவது. குழந்தை வளர்ந்து வெளியூர் போகிறது, அம்மாவின் குரல் தளர்கிறது, நண்பர்களோடு கழிந்த மாலை முடிகிறது. மூன்றாவது நுட்பமானது. சார்ந்து உண்டான எதையும் தாங்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும் நிலை அது. உடம்பையே எடுத்துக்கொள்ளுங்கள், ஊட்டி, கழுவி, தூங்கவைத்து, மருந்து கொடுத்து ஓயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாம் சரியாக இருக்கும் நாளிலும் அடியில் ஓடும் அந்தச் சிறு பதற்றம் இந்த மூன்றாவதைச் சேர்ந்தது.

நோயைப் பெயர் சொல்லிக் கூறும் மருத்துவரை நம்பிக்கையைக் கெடுப்பவர் என்று நாம் சொல்வதில்லை. அவர் மருந்தையும் சேர்த்துத் தருகிறார். தம்மபதத்தில் சுகம் பற்றித் தனியாக ஓர் அதிகாரமே உண்டு. பகை கொண்டவர் நடுவே பகையின்றி எவ்வளவு இன்பமாக வாழ்கிறோம் என்று அது தொடங்குகிறது.

ஆசைதான் துன்பத்துக்குக் காரணம் என்றால், மகள் நன்றாகப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுவதும் தவறா? விடுதலைக்கு ஆசைப்படுவதும் ஆசைதானே?

இரண்டாவது கேள்வியை அந்தக் காலத்திலேயே ஒருவர் கேட்டுவிட்டார். கோசாம்பியில் உண்ணாபர் என்ற பிராமணர் புத்தரின் சீடர் ஆனந்தரிடம், 'கோதமரிடம் (புத்தரிடம்) எதற்காகத் துறவு வாழ்க்கை வாழ்கிறீர்கள்?' என்றார். விருப்பத்தைக் கைவிடுவதற்காக என்றார் ஆனந்தர். அதற்கான பயிற்சியை அவர் விளக்க, அதிலும் விருப்பம் ஓர் அங்கமாக இருப்பதை உண்ணாபர் பிடித்துக்கொண்டார். விருப்பத்தால் விருப்பத்தை ஒழிப்பது எப்படி முடியும், இது முடிவில்லாமல் போகுமே என்றார். ஆனந்தர் திருப்பிக் கேட்டார்: 'இந்தத் தோட்டத்துக்கு வரவேண்டும் என்று முன்பு உங்களுக்கு விருப்பம் இருந்ததா? வந்து சேர்ந்த பிறகு அந்த விருப்பம் அடங்கிவிட்டதா?' உண்ணாபர் ஒப்புக்கொண்டார்.

துக்கத்துக்குக் காரணமாகச் சொல்லப்படுவது வேட்கை. புலன் இன்பத்தின் மேல் வேட்கை, இப்படி ஆகவேண்டும் அப்படி இருக்கவேண்டும் என்ற வேட்கை, இல்லாமல் போய்விட வேண்டும் என்ற வேட்கை என்று அது மூன்று. நல்லதைச் செய்யும் விருப்பம் இதில் சேராது. அது பாதையிலேயே இருக்கிறது. மகள் படிக்க வேண்டும் என்று விரும்பி உழைப்பது அன்பு. அவள் வாங்கும் மதிப்பெண்ணில்தான் என் மானம் இருக்கிறது என்று இரவெல்லாம் வேகும்போது வேட்கை வந்துவிட்டது. ஒரே வீட்டில், ஒரே நாளில், ஒரே மனத்தில் இரண்டும் இருக்கும். பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வதே பெரிய பயிற்சி.

நான் குடும்பஸ்தன். வேலை, கடன், பிள்ளைகள் என்று ஓடுகிறேன். இந்த நோக்கம் துறவிகளுக்கு மட்டும்தானா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. இதற்குப் பழைய நூல்களில் இருக்கும் பதில் பலருக்கும் தெரியாமலே போயிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

கோலிய நாட்டுக்காரர் தீகஜாணு புத்தரிடம் வந்து மனம் திறந்து சொன்னார்: 'நாங்கள் இல்லறத்தார். பிள்ளைகுட்டிகளோடு நெருக்கடியில் வாழ்கிறோம். காசிச் சந்தனம் பூசுகிறோம், மாலை அணிகிறோம், பொன்னும் வெள்ளியும் கையாளுகிறோம். எங்களுக்கு இம்மையிலும் மறுமையிலும் நன்மை தருவதைச் சொல்லுங்கள்.' வீட்டை விட்டு வா என்று புத்தர் சொல்லவில்லை. இம்மைக்கு நான்கு சொன்னார்: செய்யும் தொழிலில் திறமையும் உழைப்பும், நேர்மையாகச் சம்பாதித்ததைப் பாதுகாத்தல், நல்லவர் நட்பு, வரவுக்கேற்ற செலவு. வரவு குறைவாக இருக்கும்போது ஆடம்பரமாக வாழ்வதும், வரவு நிறைய இருக்கும்போது கஞ்சத்தனமாக வாழ்வதும் இரண்டுமே பிழை என்று விளக்கினார். மறுமைக்கும் நான்கு: நம்பிக்கை, ஒழுக்கம், ஈகை, ஞானம்.

ராஜகிருகத்தில் சிகாலர் என்ற இளைஞர் காலையில் ஈர உடையோடு ஆறு திசைகளையும் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் புத்தர், பெற்றோர், ஆசிரியர், வாழ்க்கைத் துணையும் பிள்ளைகளும், நண்பர்கள், வேலைக்காரர்கள், துறவிகள் என்ற ஆறு உறவுகளே ஆறு திசைகள் என்று சொல்லி, ஒவ்வோர் உறவிலும் இரு பக்கமும் செய்ய வேண்டிய கடமைகளைச் சொன்னார். வேலை செய்பவரின் சக்திக்கேற்ப வேலை கொடு, உணவும் கூலியும் கொடு, நோயில் பார்த்துக்கொள், உரிய நேரத்தில் ஓய்வு கொடு என்று முதலாளிக்குச் சொல்கிறார். சம்பாத்தியத்தை நான்காகப் பிரித்து ஒரு பங்கை அனுபவி, இரண்டைத் தொழிலில் போடு, ஒன்றை ஆபத்துக்கு வை என்பதும் இதே உரையில்தான். ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகிய ஐந்தையும் விற்றுப் பிழைக்க வேண்டாம் என்று வேறோர் இடத்தில் சொல்கிறார்.

கடனைப் பற்றிக் கேட்டீர்கள். அனாதபிண்டிகர் என்ற வணிகரிடம் இல்லறத்தாரின் நான்கு சுகங்களைச் சொன்னபோது, பொருள் இருக்கும் சுகம், அதை நல்லவிதமாக அனுபவிக்கும் சுகம், கடன் இல்லாத சுகம், குற்றமற்று வாழும் சுகம் என்று வரிசைப்படுத்தினார். முதல் மூன்றும் சேர்ந்தாலும் நான்காவதன் பதினாறில் ஒரு பங்குக்குக்கூட ஈடாகாது என்றார்.

இதெல்லாம் அடித்தளம். இதற்கு மேல் இல்லறத்தார் எவ்வளவு தூரம் போக முடியும்? அனாதபிண்டிகரும் விசாகையும் இல்லறத்தில் இருந்தபடியே விடுதலைப் பாதையின் முதல் படியான சோதாபத்தி நிலையை அடைந்தவர்கள். சித்தர் என்ற இல்லறத்தார் அதற்கும் மேல் மூன்றாம் படியான அனாகாமி நிலையை எட்டினார். இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று ஒருவர் கேட்டபோது, ஐந்நூறு பேர் அல்ல, அதற்கும் அதிகம் என்றார் புத்தர். கடைசிப் படிக்குத் துறவு உகந்தது என்று தேரவாதம் கருதுகிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நம்மில் பெரும்பாலோர் முதல் படிக்கே இன்னும் காலை எடுத்து வைக்கவில்லை.

அப்படியானால் நல்லவராக வாழ்வது, தியானம் செய்வது, இவைதான் நோக்கமா?

இவை வழி. தேவதத்தர் என்ற துறவி பிக்குகளின் சங்கத்தை விட்டுப் பிரிந்துபோன சிறிது காலத்தில், ராஜகிருகத்தின் கழுகுமலையில் புத்தர் இதைப் பற்றியே ஓர் உரை நிகழ்த்தினார். மரத்தின் உறுதியான நடுப்பகுதியான வைரத்தைத் தேடிக் காட்டுக்குப் போகிறான் ஒருவன். இலையையும் கிளையையும் வெட்டி எடுத்துக்கொண்டு வைரம் கிடைத்துவிட்டது என்று திரும்புகிறான். துறவுக்கு வந்து பெயரும் புகழும் காணிக்கையும் கிடைத்ததும் திருப்தியடைந்துவிடுபவர் இந்த நிலைதான். ஒழுக்கத்தோடு நின்றுவிடுபவர் வெளிப்பட்டையை எடுத்தவர். மன ஒருமைப்பாட்டோடு நின்றுவிடுபவர் உள்பட்டையை எடுத்தவர். ஞானக் காட்சியோடு நின்றுவிடுபவரும் வைரத்தைச் சுற்றியுள்ள மென்மரமான வெளிற்றைத்தான் வெட்டியிருக்கிறார். அசைக்க முடியாத மன விடுதலை ஒன்றே வைரம், இந்த வாழ்வின் நோக்கமும் முடிவும் அதுதான் என்று உரை முடிகிறது.

தியானம் செய்தால் டென்ஷன் குறையும், தூக்கம் வரும், வேலையில் கவனம் கூடும் என்று இன்று சொல்கிறார்கள். பலருக்கு அது உண்மையிலேயே நடக்கிறது, நல்லதுதான். கழுகுமலை உரையின் கணக்கில் அதெல்லாம் இன்னும் பட்டைக்கே வரவில்லை. ஒழுக்கம் கொஞ்சம் வந்ததும் 'நான் மற்றவரைப் போல இல்லை' என்று தன்னை உயர்த்திப் பிறரைத் தாழ்த்தும் மனம் வருகிறதே, அதையும் இந்த உரை ஒவ்வொரு படியிலும் பெயர் சொல்லி எச்சரிக்கிறது. பல ஆண்டுகளாகப் பயிற்சி செய்பவர்கள் இந்த உரையை வருடத்துக்கு ஒருமுறையாவது எடுத்துப் படிக்க வேண்டும் என்பேன்.

நிப்பாணம் என்றால் இல்லாமல் அழிந்துபோவதா? அதையா நோக்கமாகக் கொள்வது?

நிர்வாணம் என்று சமஸ்கிருத வழியில் சொல்லப்படுவதும் இதுதான். நிப்பாணம் என்றால் என்ன என்று கேட்ட ஒருவருக்குப் புத்தரின் முதன்மைச் சீடர் சாரிபுத்தர் நேராகச் சொன்னார்: பேராசை அழிவது, வெறுப்பு அழிவது, மயக்கம் அழிவது. அழிவது இந்த மூன்றும். புத்தர் 35 வயதில் புத்தகயாவில் அதை அடைந்தார். அதற்குப் பிறகு 80 வயது வரை உண்டார், நடந்தார், பேசினார், நோயுற்றவருக்குத் தன் கையால் பணிவிடை செய்தார்.

விடுதலை பெற்றவர் இறந்த பிறகு என்ன ஆகிறார் என்று வச்சகோத்தர் என்ற துறவி கேட்டதற்கு, எரிபொருள் தீர்ந்து அணைந்த நெருப்பு எந்தத் திசைக்குப் போனது என்று கேட்பாயா என்றார் புத்தர். கேள்வியே அங்கே பொருந்தாது என்று நிறுத்திக்கொண்டார். தன்னை அழித்துக்கொள்ளும் ஏக்கத்தையோ வேட்கையின் ஒரு வகையாக, துக்கத்தின் காரணமாகவே அவர் வைத்திருக்கிறார். அதனால் வாழ்வை வெறுப்பவருக்கு நிப்பாணம் ஒரு சாக்கு ஆகாது.

'நான்' என்று ஒன்றே இல்லை என்கிறீர்கள். பிறகு யாருக்கு விடுதலை?

மோலியபக்குணர் என்ற பிக்கு 'உணர்வது யார்? வேட்கை கொள்வது யார்?' என்று அடுக்கடுக்காகக் கேட்டார். கேள்வியே சரியில்லை என்றார் புத்தர். 'எதைச் சார்ந்து வேட்கை எழுகிறது?' என்று கேள் என்றார். உடல், நுகர்வு, குறிப்பு (இன்னதென்று குறித்தறிதல்), மனச்செயல்கள், அறிவு ஆகிய ஐந்தும் மாறிக்கொண்டே இருக்கின்றன. இவற்றுக்குப் பின்னால் மாறாத முதலாளி ஒருவரைத் தேடினால் கிடைப்பதில்லை. துக்கமும் இந்த ஓட்டத்தில்தான் எழுகிறது, விடுதலையும் இந்த ஓட்டத்தில்தான் நிகழ்கிறது. வாதத்தால் இதற்கு மேல் போக எனக்குத் தெரியாது. பயிற்சியில் கொஞ்சம் கொஞ்சமாகப் புரியும்.

மறுபிறவியில் எனக்கு நம்பிக்கை இல்லை. எனக்கு இதில் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. கேசபுத்தம் என்ற ஊரில் காலாமர் குலத்து மக்களிடம் பேசியபோது, பகையும் தீய எண்ணமும் இல்லாத மனம் உடையவருக்கு நான்கு ஆறுதல்கள் உண்டு என்றார். மறுமை இருந்தால் நல்ல பிறப்பு கிடைக்கும். இல்லாவிட்டாலும் இந்த வாழ்விலேயே நிம்மதியாக இருப்பேன். தீமைக்குத் தீய பயன் உண்டு என்றால் நான் யாருக்கும் தீமை நினைக்கவில்லை. பயன் இல்லை என்றாலும் நான் தூயவனாகவே இருக்கிறேன்.

ஆனால் மறுபிறவியைக் கழற்றி வைத்துவிட்டால் மிச்சம் அப்படியே முழுதாக நிற்கும் என்று நான் சொல்லமாட்டேன். புத்தர் அதைத் தெளிவாகவே போதித்தார். நம்பிக்கை வராத இடத்தில் கேள்வியைத் திறந்தே வைத்துக்கொண்டு, கைக்கெட்டும் பகுதியைச் செய்யத் தொடங்கலாம். காலாமர்களுக்குச் சொன்னதும் அதுதானே.

உலகத்தில் இவ்வளவு பசியும் அநீதியும் இருக்கும்போது தன் விடுதலையைத் தேடுவது சுயநலம் இல்லையா?

மூங்கில் கழையின் உச்சியில் வித்தை காட்டும் கழைக்கூத்தாடி ஒருவர் தன் மாணவனிடம், 'நீ என்னைக் காப்பாற்று, நான் உன்னைக் காப்பாற்றுகிறேன்' என்றார். மாணவனோ, 'நீங்கள் உங்களைக் காத்துக்கொள்ளுங்கள், நான் என்னைக் காத்துக்கொள்கிறேன், அப்போதுதான் இருவரும் பத்திரமாக இறங்குவோம்' என்றான். மாணவன் சொன்னதே முறை என்ற புத்தர், இன்னொன்றையும் சேர்த்தார்: தன்னைக் காப்பவர் பிறரைக் காக்கிறார், பொறுமையாலும் அன்பாலும் பரிவாலும் பிறரைக் காப்பவர் தன்னையும் காக்கிறார்.

முதல் அறுபது சீடர்கள் விடுதலை பெற்றதும் 'பலரின் நன்மைக்காக, பலரின் இன்பத்துக்காகப் புறப்படுங்கள், இருவர் ஒரே வழியில் போகாதீர்கள்' என்று அனுப்பினார். தம்மபதத்தின் விளக்கவுரையில் ஒரு கதை. ஆளவி என்ற ஊரில் ஓர் ஏழை உழவர் தொலைந்த மாட்டைத் தேடி அலைந்துவிட்டுப் பசியோடு தம்மம் கேட்க வந்தார். கூட்டமே காத்திருக்க, முதலில் அவருக்குச் சோறு போடச் சொன்னார் புத்தர். அவர் உண்டு முடித்த பிறகே உரையைத் தொடங்கினார். பிறகு முணுமுணுத்த பிக்குகளிடம், நோய்களில் கொடியது பசி என்றார். ஏழைகளுக்குப் பொருள் கொடுக்காத அரசனின் நாட்டில் வறுமை பெருகி, வறுமையால் திருட்டும் கொலையும் பெருகியதை இன்னொரு சுத்தம் படிப்படியாகச் சொல்கிறது.

மகாயானம் இதை நோக்கத்தின் நடுவிலேயே வைத்தது. எல்லா உயிர்களும் விடுபடும்படி உதவுவதற்காகவே புத்த நிலையை அடைவேன் என்று உறுதி எடுப்பவர் போதிசத்துவர். அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவினார். தம்மத்தின் மையம் மனிதனும், இந்த மண்ணில் மனிதனுக்கும் மனிதனுக்கும் உள்ள உறவும் என்று அவர் வாசித்தார். வறுமையும் சாதி இழிவும் முற்பிறவிப் பயன் என்ற விளக்கத்தை அவர் ஏற்கவில்லை. நம் பக்கம் அயோத்திதாசர் 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியதும், 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைக் கொண்டுவந்ததும் இதே உணர்வோடுதான். மரபான தேரவாதிகள் சிலர் இந்த வாசிப்பை முழுமையாக ஏற்க மாட்டார்கள். ஆளவி உழவரின் கதையைப் படித்த எனக்கு இதில் அந்நியமாக ஒன்றும் தெரியவில்லை.

மணிமேகலை நேரடியாக ஏதாவது சொல்கிறதா?

சொல்கிறது, நான்கே அடியில். கோவலன் கொலையுண்ட பிறகு தன்னிடம் வந்த மாதவிக்கு அறவண அடிகள் என்ற பௌத்தத் துறவி சொன்னது:

பிறந்தோர் உறுவது பெருகிய துன்பம்
பிறவார் உறுவது பெரும்பேர் இன்பம்
பற்றின் வருவது முன்னது பின்னது
அற்றோர் உறுவது அறிக

இதைச் சொன்ன கையோடு ஐவகைச் சீலத்தையும் எடுத்துக்காட்டினார். இந்த உபதேசத்தைக் கேட்ட வீட்டின் பெண் மணிமேகலைதான் பிறகு அமுதசுரபியைக் கையில் ஏந்தி ஊர் ஊராகப் பசியாற்றினாள். 'மண்டிணி ஞாலத்து வாழ்வோர்க்கு எல்லாம் உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே' என்ற வரி அவள் பாத்திரம் பெறும் காதையில் வருகிறது. காப்பியத்தின் கடைசிக் காதையில் அவள் பவத்திறம் அறுக, அதாவது பிறவித் தொடர் அறுக என்று நோன்பு நோற்கிறாள். சோறிடுவதும் பற்றறுப்பதும் அவள் வாழ்க்கையில் ஒன்றையொன்று தள்ளவில்லை.

சரி, நாளைக் காலையிலிருந்து என்ன செய்வது?

பஞ்சசீலத்தில் தொடங்குங்கள்: கொல்லாமை, திருடாமை, தவறான காமம் தவிர்த்தல், பொய் சொல்லாமை, மது முதலான போதை தவிர்த்தல். பொய் சொல்லாமை ஒன்றை மட்டும் ஒரு மாதம் உண்மையாகக் கடைப்பிடித்துப் பாருங்கள். மனம் எங்கெல்லாம் ஒளிகிறது என்று தெரிந்துவிடும். தினமும் சிறிது நேரம் உட்கார்ந்து மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனியுங்கள். எழுந்திருக்கும் முன் யாராவது இருவர் நலமாக இருக்கட்டும் என்று நினையுங்கள். அதில் ஒருவர் உங்களுக்குப் பிடிக்காதவராக இருக்கட்டும்.

கூட்டு தேடுங்கள். நல்ல நட்பு இந்த வாழ்வில் பாதி என்று ஆனந்தர் சொன்னபோது, அப்படிச் சொல்லாதே, அதுவே முழுதும் என்று புத்தர் திருத்தினார். சென்னை எழும்பூரில் மகாபோதி சங்கத்தின் விகாரை இருக்கிறது. திருமுடிவாக்கத்தில் தியான ஆசிரியர் கோயங்காவின் மரபைச் சேர்ந்த தம்ம சேது மையத்தில் பத்து நாள் விபஸ்ஸனா தியான முகாம்கள் நடக்கின்றன. கட்டணம் கிடையாது, முன்பு பயின்றவர்களின் நன்கொடையில் நடக்கிறது. பத்தாம் நாள் காலை வரை பேசாமல், போன் இல்லாமல், விடியற்காலையிலிருந்து இரவு வரை உட்கார வேண்டும். எளிதல்ல, வீட்டில் சில மாதம் பழகிவிட்டுப் போனால் நல்லது.

மனநோய்க்கு மருந்து எடுத்துக்கொள்பவர்களும், அண்மையில் பெரிய அதிர்ச்சியைச் சந்தித்தவர்களும் முதலில் தங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். தியானத்தை நம்பி மருந்தை நிறுத்த வேண்டாம். முகாமுக்கான விண்ணப்பத்திலும் உடல்நலம், மனநலம் பற்றிக் கேட்பார்கள். மறைக்காமல் எழுதுங்கள்.